எந்திரிச்சு நிக்க வைக்கறது யார் வேலை?

தமிழ்த்தாய் வாழ்த்து எங்க கேட்டாலும் நான் எந்திரிச்சுடுவேன். ஆண்டு விழா, புத்தக வெளியீடு, எங்கயாவது பக்கத்து ஸ்பீக்கர்ல கேட்டாக்கூட கால் தானா நேரா வந்துடும். இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இனிமே சொல்லப்போறது அந்தப் பாட்டு மேல பாசம் இல்லாத ஆள் சொல்ற மாதிரி யாருக்கும் தெரியக்கூடாது. எந்திரிக்காதவங்கள அரசாங்க உத்தரவ வச்சு எந்திரிக்க வைக்கறது தப்புன்னு நான் நினைக்கறேன், அதுலயும் ஸ்கூல் பசங்கன்னா ரொம்பத் தப்பு.

எனக்கு இந்த யோசனை வந்ததுக்குக் காரணம் ஒரு பழைய கேஸ். பிஜோ இம்மானுவேல் வழக்குன்னு சட்டம் படிக்கறவங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா வெளில அவ்வளவா யாரும் பேசறதில்ல. கேரளாவுல கோட்டயம் பக்கம் கிடங்கூர்ல ஒரு ஸ்கூல்ல படிச்ச அண்ணன் தங்கச்சிங்க மூணு பேரு, யெகோவாவின் சாட்சிகள்ங்கற கிறிஸ்தவப் பிரிவச் சேர்ந்தவங்க. அவங்க நம்பிக்கைப்படி கடவுளத் தவிர வேற எதையும் துதிச்சுப் பாடக்கூடாது. அதனால காலைல அசெம்பிளில தேசிய கீதம் பாடும்போது எல்லாரோடயும் சேர்ந்து நேரா நிப்பாங்க, வாய மட்டும் திறக்க மாட்டாங்க. இவங்களுக்கு முன்னாடி அதே ஸ்கூல்ல படிச்ச அக்காங்களும் அப்படித்தான் நின்னாங்க. வருஷக்கணக்கா யாருக்கும் அது ஒரு பிரச்சனையா தெரியல, டீச்சருங்க ஒண்ணும் சொல்லல, கூடப் படிச்ச பிள்ளைங்களும் ஒண்ணும் சொல்லல.

1985 ஜூலைல ஒரு எம்எல்ஏ கண்ணுல இது பட்டுச்சு. சட்டசபைல கேள்வி கேட்டாரு, உடனே விசாரணைக் கமிஷன் போட்டாங்க. அந்தக் கமிஷனே இந்தப் பிள்ளைங்க ஒழுங்கான பிள்ளைங்க, தேசிய கீதத்த அவமதிக்கலன்னுதான் சொல்லுச்சு. அப்படியும் கல்வித்துறை அதிகாரி சொன்னதால ஹெட்மிஸ்ட்ரஸ் மூணு பேரையும் ஸ்கூல விட்டு அனுப்பிட்டாங்க. அப்பா போய்க் கெஞ்சிப் பாத்தாரு, என் கைல எதுவும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அஞ்சாங்கிளாஸ் படிக்கற பொண்ணுகூட அதுல ஒண்ணு, அவ செஞ்ச குத்தம் என்னன்னா சத்தம் போடாம நின்னது.

பிள்ளைங்க தரப்புல கோர்ட்டுக்குப் போனாங்க. ஹைகோர்ட்டு என்ன செஞ்சுச்சுன்னா, தேசிய கீதத்த வார்த்தை வார்த்தையா படிச்சுப் பாத்துட்டு இதுல எந்த மதத்துக்காரங்க மனசும் புண்படற மாதிரி ஒண்ணுமே இல்லையேன்னு கேஸத் தள்ளிடுச்சு. நம்மள்ல பல பேரும் இப்படித்தான் யோசிப்போம், அதுல என்னப்பா தப்பா இருக்கு, பாடிட்டுப் போயேன்னு. 1986 ஆகஸ்ட் 11ந்தேதி சுப்ரீம் கோர்ட்ல நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதுன தீர்ப்பு இந்த இடத்தத்தான் பிடிச்சுச்சு. உனக்கும் எனக்கும் அந்த நம்பிக்கை சரியாப் படுதாங்கறது கேள்வியே இல்ல, அது அவங்களுக்கு உண்மையான நம்பிக்கையா, அவங்க மனசறிஞ்சு அதத்தான் கடைப்பிடிக்கறாங்களா, அதான் கேள்வின்னு சொன்னாரு. பேச்சுரிமைன்னா பேசாம இருக்கற உரிமையும் அதுக்குள்ள அடக்கம். எந்திரிச்சு நின்னாலே மரியாதை குடுத்தாச்சு. இதுக்கு மேல ஒருத்தர் உரிமையக் கட்டுப்படுத்தணும்னா முறையா இயற்றுன சட்டம் வேணும், கல்வித்துறை அனுப்புன சர்க்குலர் அந்த வேலையச் செய்ய முடியாது. நம்ம மரபு சகிப்புத்தன்மையச் சொல்லிக் குடுக்குது, நம்ம அரசியலமைப்பு அத நடைமுறைல காட்டுது, அத நீர்த்துப்போக விட்றாதீங்கன்னு முடிச்சாரு. பிள்ளைங்கள திரும்ப ஸ்கூல்ல சேத்துக்கணும்னு உத்தரவு.

சட்டம்னு பாத்தா 1971ல போட்ட தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் இருக்கு. அதுல மூணாவது பிரிவு தேசிய கீதம் பாடறத வேணும்னே தடுத்தாலோ, பாடற கூட்டத்துல தொந்தரவு பண்ணாலோ மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு சொல்லுது. பாடாதவனுக்கு ஜெயில்னு சொல்லல. இந்தக் கோடு எனக்கு ரொம்ப சரியான கோடாத் தெரியுது, நீ பாடறது உன் இஷ்டம் ஆனா பாடறவனக் கெடுக்காத, சட்டம் அதோட நின்னுடணும்.

ஆனா நிக்கறதில்ல. 2016 நவம்பர் 30ல சுப்ரீம் கோர்ட்டே தியேட்டர்ல படத்துக்கு முன்னாடி கட்டாயம் தேசிய கீதம் போடணும், எல்லாரும் நிக்கணும், கதவ மூடி வைக்கணும்னு ஒரு உத்தரவு போட்டுச்சு. கதவ மூடறதா? டெல்லி உபஹார் தியேட்டர்ல 1997ல தீப்பிடிச்சு 59 பேரு செத்த நாட்டுலயான்னு கேள்வி வந்து, அப்புறம் தாழ்ப்பாள் போட வேணாம்னு விளக்கம் குடுத்தாங்க. அந்த உத்தரவு வந்த ரெண்டு வாரத்துக்குள்ள சென்னைல ஒரு தியேட்டர்ல எந்திரிக்காம இருந்தவங்கள பக்கத்துல இருந்தவங்களே அடிச்சாங்க, உக்காந்திருந்தவங்க மேல கேஸும் பதிவாச்சு. உத்தரவுக்கு முன்னாடியே கோவாவுல வீல்சேர்ல வாழற ஒரு எழுத்தாளர எந்திரிக்கலன்னு பின்னாடி இருந்து தாக்குனாங்க, அவரால எந்திரிக்கவே முடியாது. 2018 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே கட்டாயம்ங்கறத மாத்தி, தியேட்டர்காரங்க விருப்பம்னு ஆக்கிடுச்சு.

இங்கதான் எனக்குப் பயம். மரியாதைய உத்தரவா மாத்துனா அத அமல்படுத்தறது போலீஸ் இல்ல, பின் சீட்டுல உக்காந்திருக்கறவன். நேத்து வரைக்கும் முறைச்சுப் பாத்துட்டு விட்டிருப்பான், இன்னைக்கு அரசாங்கமே என் பக்கம்னு அவனுக்குக் கை நீளும். அமெரிக்காவுலயும் இதே கதைதான், 1940ல கொடிக்கு வணக்கம் சொல்லாத இதே யெகோவாவின் சாட்சி பிள்ளைங்கள ஸ்கூல விட்டு அனுப்பினது சரின்னு அங்க உச்சநீதிமன்றம் சொன்ன உடனே ஊர் ஊரா அந்த ஜனங்கள அடிச்சாங்க, வழிபாட்டு இடத்துக்கு தீ வச்சாங்க. மூணே வருஷத்துல, 1943ல, உலகப்போர் நடந்துட்டு இருக்கும்போதே, அதே கோர்ட்டு தன் தீர்ப்பத் தானே மாத்திக்கிச்சு.

இப்ப நம்ம பாட்டுக்கு வர்றேன், ஏன்னா அடுத்தவங்க பாட்டுன்னா நியாயம் பேசறது சுலபம். 2018 ஜனவரில சென்னைல நடந்த விழாவுல காஞ்சி மடத்து விஜயேந்திரர் தேசிய கீதத்துக்கு எந்திரிச்சாரு, தமிழ்த்தாய் வாழ்த்துக்கு உக்காந்திருந்தாரு, தியானத்துல இருந்தாருன்னு மடம் விளக்கம் சொல்லுச்சு. அந்த வீடியோவப் பாத்து எனக்கு வந்த கோவம் இன்னும் இருக்கு. அவர் செஞ்சது தமிழ அவமதிச்சதாத்தான் நான் நினைக்கறேன், அத யார் முன்னாடியும் சொல்வேன். விமர்சிக்கறது, அடுத்த விழாவுக்குக் கூப்பிடாம விடறது, கறுப்புக்கொடி காட்றது, இதெல்லாம் ஒரு சமூகம் தன் மரியாதையக் காப்பாத்திக்கற வழி, இதுக்கெல்லாம் முழு உரிமை இருக்கு. இது சம்பந்தமா வந்த ஒரு வழக்குல 2021 டிசம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட் மதுரைக் கிளை, இந்தப் பாட்டுக்கு எந்திரிச்சே ஆகணும்னு எந்த உத்தரவும் இல்லைன்னு சொல்லுச்சு. உடனே அந்த மாசம் 17ந்தேதியே தமிழ்நாடு அரசு இத மாநிலப் பாடலா அறிவிச்சு, 55 விநாடில பாடணும், பாடும்போது எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும்னு அரசாணை போட்டுச்சு. மாநிலப் பாடலானது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரெண்டாவது பாதிதான் உறுத்துது. பெரிய மடாதிபதிக்கு இந்த அரசாணையால ஒண்ணும் ஆகாது, அவருக்கு வக்கீல் இருக்காங்க, பக்தருங்க இருக்காங்க. மாட்டறது எங்கயோ ஒரு கவர்மெண்ட் ஸ்கூல்ல வேற நம்பிக்கையோட வளர்ற ஏழாங்கிளாஸ் பொண்ணு.

அசெம்பிளி எப்படி நடக்கும்னு நமக்குத் தெரியாததா. முன்னாடி நிக்கறவன் தோள்ல கை வச்சு இடம் விட்டு நிக்கணும், பிடி சார் குச்சியோட வரிசைக்கு நடுவுல நடப்பாரு, அவர் பக்கத்துல வரும்போது மட்டும் சத்தம் ஏறும், தாண்டிப் போனதும் இறங்கிடும். பாதிப் பேரு வாய மட்டும் அசைப்போம். வருஷக்கணக்கா அப்படி நின்னேன், ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரிஞ்சது ஒன்பதாவதுல, எங்க தமிழ் அம்மா பாடத்த ஓரமா வச்சுட்டு ஒரு பீரியட் முழுக்க அந்தப் பாட்ட வரி வரியா பிரிச்சுச் சொன்னப்ப. கடல சேலையா உடுத்தியிருக்கற நிலமங்கைக்கு பாரதக்கண்டம் முகம், தக்காணம் அதுல பிறை மாதிரி நெத்தி, அந்த நெத்தில வச்ச பொட்டு நம்ம நாடுன்னு சொல்லிட்டு, போர்டுல சாக்பீஸால முகம் வரைஞ்சு பொட்டும் வச்சாங்க. கிளாஸே வாயப் பொளந்து பாத்துட்டு இருந்துச்சு. இன்னைக்கு நான் எந்திரிக்கறேன்னா அந்தப் பீரியட்தான் காரணம், பிடி சார் இல்ல.

அப்ப ஸ்கூல்ல ஒரு ஒழுங்கும் வேணாமான்னு கேப்பீங்க. வேணும். அசெம்பிளிக்கு வரணும், அடுத்தவங்க பாடும்போது பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, இது எல்லாருக்கும் பொது. சும்மா சோம்பேறித்தனமா நிக்கறவன டீச்சர் கண்டிக்கட்டும். ஆனா மனசுல உண்மையாவே ஒரு தடை இருக்கற பிள்ளையையும் இவனையும் பிரிச்சுப் பாக்க ஒரு டீச்சருக்கு ஒரு வாரம் போதும், அவங்களுக்குப் பிள்ளைங்களத் தெரியும். அந்த முடிவ அவங்க கைல விட்டா போதும், கிடங்கூர்லயும் டீச்சருங்க கைல விட்டிருந்த வரைக்கும் பிரச்சனையே வரல, மேல இருந்து உத்தரவு வந்தப்பதான் வந்துச்சு.

அந்த அரசாணைல மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு குடுத்திருக்காங்க. மனசாட்சிப்படி முடியாதவங்களுக்கும் விலக்குன்னு அதுல இன்னொரு வரி சேக்கணும், ஸ்கூல் பசங்கள இதுக்காகத் தண்டிக்கக்கூடாதுன்னும் தெளிவாப் போடணும். எங்க தொகுதி எம்எல்ஏ ஆபீசுக்கு இதையே மனுவா எழுதிட்டு இருக்கேன்.