கல்லுண்டாய் வெளிக்கு ஒரு எக்ஸ்ட்ரா 300

ஜனவரி 19, 2025, ஞாயிறு

பெட்டி வந்து சேர்ந்தது. ரொறன்ரோவிலிருந்து மச்சான் கப்பலில் போட்டது. கொழும்பில் இறங்கி, லொறி ஏறி, இப்போது எங்கள் விறாந்தையில் பாதியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "உதை எங்கை வைக்கப் போறாய்?"

உள்ளே எக்ஸ்ட்ரா 300. ஜேர்மனியில் வால்ட்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்த சாகச விமானத்தின் சின்ன உரு, றிமோட்டால் பறக்கவிடுவது. உண்மை விமானத்தில் கால்பங்குக்குக் கொஞ்சம் கூட. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 2.2 மீற்றர். பால்சா என்ற இலேசான மரமும் மெல்லிய பிளைவூட்டும். இறக்கைகளைக் கோக்க உடலுக்கு ஊடாக ஒரு காபன் குழாய். எஞ்சின் தனிப் பெட்டியில்: 55 சிசி, ஒற்றைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெற்றோல்.

பொதியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. இடது இறக்கை நுனியில் மேலுறை கிழியவில்லை, ஆனால் விரலால் அமத்தினால் உள்ளே முறிந்த சத்தம் கேட்கிறது. அனுப்பியவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. பால்சா ஒட்டுவது அதைவிடச் சுகம்.

ஜனவரி 26, ஞாயிறு

மேலுறையைச் சதுரமாக வெட்டித் திறந்தேன். கடைசி விலா இரண்டாகப் பிளந்திருந்தது. இரண்டு பக்கமும் மெல்லிய பிளைவூட் வைத்து எப்பொக்சிப் பசை போட்டாயிற்று. 30 நிமிட எப்பொக்சி என்று போத்தலில் எழுதியிருக்கும். யாழ்ப்பாண வெயிலில் அதை நம்பக்கூடாது. காலை ஏழு மணிக்குக் கலந்தால் ஆறுதலாக வேலை செய்யலாம். மத்தியானம் கலந்தால் தடவி முடியமுன் இறுகிவிடும்.

அதற்கு மேல் புதுத் துண்டு உறை, சூட்டில் சுருங்கும் மெல்லிய பிளாஸ்டிக். முதலில் குறைந்த சூட்டில் ஓரங்களை ஒட்டி, பிறகு சூட்டைக் கூட்டி நடுவை இழுக்கவைக்க வேண்டும். அம்மாவின் அயன்பொக்சைக் கேட்கவில்லை. சிலது கேட்காமல் இருப்பது நல்லது. எனக்கென்று சின்னது ஒன்று வைத்திருக்கிறேன்.

"எல்லாம் செய்து உறை போட்டு வந்ததைப் பூட்டுறதுதானே, இதிலை என்ன கட்டுறது?" என்று கூட்டாளி ஒருவன் கேட்டான். பூட்டிப் பார்க்கட்டும். பெட்டியிலிருந்து எடுத்து ஒரு கிழமையில் பறக்கவிட்டவர்களின் விமானங்கள் எப்படி முடிந்தன என்று வீடியோக்களில் நிறையப் பார்த்தாயிற்று. தானாகக் கழரும் ஆணிதான் பாதிக் கதை.

பெப்ரவரி 2, ஞாயிறு

எஞ்சின் பூட்டும் முன்பலகையைப் பார்த்தேன். ஆலையில் ஒட்டிய பசை போதுமானதுதான் என்பார்கள். எனக்குப் போதாது. 55 சிசி எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பலகையை உலுக்கும். பலகை பிடுங்குப்பட்டால் எஞ்சின் ஒரு பக்கம், விமானம் மறுபக்கம். உள் மூலைகளில் முக்கோணக் கட்டைகள் வைத்து ஒட்டி, முழுவதற்கும் எப்பொக்சி பூசினேன். பெற்றோல் பட்டு மரம் ஊறாமலும் இருக்கும்.

பலகை நேராக நிற்கவில்லை, வலது பக்கம் இரண்டு பாகை அளவில் திரும்பியிருக்கிறது. அது பிழையில்லை. புறொப்பெல்லரின் சுழற்சி விமானத்தை இடது பக்கம் இழுக்கும். அதற்கு ஈடாகத்தான் இந்தச் சாய்வு. சரியாக இருக்கிறதா என்பது செங்குத்தாக மேலே ஏற்றும்போதுதான் தெரியும்.

எல்லா ஆணிக்கும் நீலப் பூட்டுப்பசை. உலோகத்தில் உலோகம் இறங்கும் இடமெல்லாம், விதிவிலக்கில்லாமல்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பெற்றோல் தாங்கி. அரை லீற்றர். மூன்று குழாய்கள்: ஒன்று காபரேற்றருக்கு, ஒன்று காற்றுக்கு, ஒன்று நிரப்ப. சின்ன விமானங்களுக்குப் பாவிக்கும் சிலிக்கோன் குழாய் இங்கே உதவாது, பெற்றோலில் ஊதிப் பழுதாகிவிடும். பெற்றோலுக்கென்று வரும் மஞ்சள் நிறக் குழாய்தான். தாங்கிக்குள் குழாயின் நுனியில் ஒரு பாரம் தொங்குகிறது. விமானம் தலைகீழானால் அதுவும் பெற்றோலோடு சேர்ந்து மறுபக்கம் விழும். தாங்கியைக் கையில் எடுத்துக் கவிழ்த்து, நிமிர்த்தி, பாரம் எங்கும் சிக்காமல் ஓடுகிறதா என்று காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மருமகன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, என்ன சொல்லுது?" என்றான். அவனுக்கு ஏ.எல். பரீட்சை வருகிறது. படிக்கப் போகச் சொன்னேன். போகவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

சேர்வோக்கள்: றிமோட் சொல்கிறபடி இறக்கையிலும் வாலிலும் உள்ள தட்டுகளை அசைக்கும் சின்ன மோட்டார்கள். இறக்கையில் பக்கத்துக்கு ஒன்று, வாலின் கிடைத்தட்டுக்கு இரண்டு, சுக்கானுக்கு ஒன்று. எல்லாம் உலோகப் பல்சக்கரம், 20 கிலோவுக்குக் குறையாத இழுவை. சுக்கானுக்கு அதைவிடப் பலமானது. இறக்கையைச் செங்குத்தாக வைத்துப் பக்கவாட்டில் பறக்கும்போது மூக்கைத் தூக்கிப் பிடிப்பது சுக்கான்தான்.

கீல் இடைவெளிகளை ஒளிபுகும் நாடாவால் உள்ளிருந்து மூடினேன். அந்த இடைவெளியால் காற்றுப் புகுந்தால் தட்டு அடிக்கத் தொடங்கும்; அடித்தால் சேர்வோவின் பல் போகும், சில வேளை தட்டே போகும். தள்ளுகம்பிகளில் துளியும் ஆட்டம் இருக்கக்கூடாது. தட்டின் நுனியைப் பிடித்து ஆட்டினேன். ஒன்றில் மட்டும் மயிரிழை அசைவு. கம்பி நுனியிலிருந்த உருண்டை மூட்டு ஒன்றை மாற்றினேன்.

பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி

அம்மாவும் தங்கச்சியும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நானும் விழித்துத்தான் இருக்கிறேன், றிமோட்டோடு.

ஒவ்வொரு தட்டும் எத்தனை பாகை அசைய வேண்டும் என்று அளந்து போட்டேன். முதல் பறப்புக்குக் கிடைத்தட்டு 12 பாகை. சாகசத்துக்கு வேறு சுவிட்சில் 45 பாகை. அந்த 45இல் நடுப்பகுதியை மந்தமாக்காவிட்டால் விரல் நடுங்கினாலே விமானம் துள்ளும். 60 வீதம் மந்தம் போட்டேன். இரண்டு கிடைத்தட்டும் ஒன்றுபோல அசைய வேண்டும். நடுவிலும் இரண்டு அந்தத்திலும் மட்டுமில்லை, இடையில் எங்கே நிறுத்தினாலும். இரவில் பாதி அதற்கே போனது. ஒன்று அரை மில்லிமீற்றர் முந்தினால் குட்டிக்கரணம் நேராக வராது.

பற்றரி மொத்தம் மூன்று. விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் றிசீவருக்கு இரண்டு, ஒன்று செத்தாலும் மற்றதை வைத்து இறக்கலாம். எஞ்சினின் தீப்பொறிக்குத் தனியே ஒன்று, றிசீவரிலிருந்து ஒரு அடிக்கு மேல் தள்ளி. தீப்பொறி வயரின் இரைச்சல் றேடியோவுக்குள் வரக்கூடாது. அப்புறம் மிக முக்கியமானது: சிக்னல் அறுந்தால் தீப்பொறி தானாக நிற்க வேண்டும். அதையும் போட்டு, மேசையில் வைத்துச் சோதித்தாயிற்று.

மார்ச் 2, ஞாயிறு

பாரமையம். தாங்கி வெறுமையாக, மருமகன் ஒரு பக்கம், நான் மறுபக்கம், காபன் குழாய்க்கு நேரே விரல் நுனிகளில் தூக்கினோம். எட்டுக் கிலோ. மூக்கு தாழ்ந்தது. முன்னாலிருந்த பற்றரிகளை இறக்கைக்குப் பின்னால் தள்ளினோம். ஈயம் ஒரு கிராம்கூட ஒட்டவில்லை. பட்டத்துக்கு முச்சை கட்டுவதும் இதுதான், ஒரு முடிச்சு முன்னே பின்னே போனால் குத்தும் அல்லது சுழலும். பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பட்டங்களை ஏற்றுகிற பெடியளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை.

குழாய்க்குச் சற்று முன்னால் மையத்தை வைத்திருக்கிறேன். பின்னுக்கு வைத்தால் துள்ளாட்டம் அழகு. முதல் நாளுக்கு அழகு வேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

குருநகர். வெளியிணைப்பு எஞ்சின், செயின்சோ, புல்லுவெட்டி என்று டூ ஸ்ட்ரோக் எதுவானாலும் பார்க்கிற அண்ணையின் பட்டறை. 90களின் யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் சொட்டுப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த கை. காபரேற்றரைப் பார்த்ததும், "இது செயின்சோவின்ரையெல்லே தம்பி" என்றார். உண்மைதான். மோட்டார் சைக்கிள் காபரேற்றரில் மிதவை இருக்கும், கவிழ்த்தால் எல்லாம் போச்சு. இதில் மிதவை இல்லை. எஞ்சினுக்குள் ஏறி இறங்கும் அழுத்தத்தால் துடிக்கும் ஒரு மெல்லிய சவ்வுதான் பெற்றோலை இழுக்கிறது. மரத்தில் செயின்சோவைச் சரித்துப் பிடித்து அரிய முடிவதும், எக்ஸ்ட்ரா தலைகீழாகப் பறக்க முடிவதும் அந்தச் சவ்வால்தான்.

92 ஒக்டேன் ஒரு லீற்றருக்கு 33 மில்லி ஓயில். புது எஞ்சின் என்பதால் அந்த அளவு. வாலை வேப்பமரத்தில் கட்டி, மருமகனைப் பின்னால் நிறுத்தி, புறொப்பெல்லர் சுற்றும் கோட்டில் ஒருவரும் நிற்காமல் பார்த்துக்கொண்டோம். சோக்கை மூடிக் கையால் அடிக்க ஒரு முறை வெடித்தது. திறந்து அடிக்கப் பிடித்துக்கொண்டது.

முதலில் ஒரே புகை. நான் ஸ்குறூ டிறைவரை நீட்ட, அண்ணை கையைத் தட்டிவிட்டார். "ஊசியிலை கை வையாதை. முதல் சூடாகட்டும்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் உயர்வேக ஊசியைக் கால் சுற்றுக்கும் குறைவாக உள்ளே திருப்பினார். சத்தம் இறுகியது. இன்னும் ஒரு மயிரளவு. மேலே போகத் தொடங்கிய சத்தத்தை அங்கே விடாமல் கொஞ்சம் பின்னே எடுத்தார். "இந்தளவு ஈரம் இருக்கோணும். மேலை போனா எஞ்சின் சுமை குறைஞ்சு தானாக் காயும்." அளவுமானியில் 6,800 சுற்று. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே றிமோட்டை நிறுத்தினேன். எஞ்சின் உடனே நின்றது. இந்தச் சோதனைக்காகத்தான் முக்கியமாக இங்கே வந்ததே.

பக்கத்து வீட்டு ஆச்சி வெளியே வந்திருந்தா. வளவுக்குள் பார்க்கவில்லை, நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. "ஆச்சி, இது நிலத்திலை நிக்கிற சாமான்" என்று அண்ணை சத்தம் போட்டுச் சொன்னார். ஆச்சி சிரிக்கவில்லை. அடுத்த முறை எழுப்புவதற்கு முன் நானே மதிலடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

எஞ்சின் ஓடிய பிறகு எல்லா ஆணியையும் மறுபடி பார்த்தேன். புகைக்குழாயின் ஆணி ஒன்று கழரத் தொடங்கியிருந்தது. அங்கே சூட்டில் நீலப் பசை நிற்காது. கழராமல் பிடிக்கும் வாஷரோடு மாற்றினேன். எஞ்சினை மூடும் முகமூடிக்குள் பிளைவூட் தடுப்பும் வைத்தாயிற்று. முன்னால் புகும் காற்று சிலிண்டரின் செட்டைகளுக்கு ஊடாகத்தான் போக வேண்டும். வெளியேறும் வாய், புகும் வாயைவிட இரண்டு மடங்காவது வேண்டும். பங்குனி வெயிலில் இதை விட்டுவிட்டுப் பறப்பது எஞ்சினைப் பொரிப்பதற்கு.

அனுமதிக் காகிதமும் கையில் இருக்கிறது. வடக்கே பலாலியில் சென்னை விமானம் வந்து போகிறது. கேட்காமல் ஒன்றையும் மேலே விட முடியாது, விடவும் கூடாது.

மார்ச் 23, ஞாயிறு

கல்லுண்டாய் வெளி. காலை ஆறரை. வாடைக் காற்று ஓய்ந்துவிட்டது, சோளகக் காற்று இன்னும் தொடங்கவில்லை. வருடத்தில் இந்த இடைவெளிதான் நமக்கு. குப்பை கொட்டும் பக்கம் பருந்துகள் வட்டமிட்டன. அந்தப் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டோம்.

சிக்னல் எட்டுகிறதா என்று பார்க்க, றேடியோவின் பலத்தைக் குறைத்துவிட்டு முப்பது கவடு நடந்தேன். எஞ்சின் நின்றபடி ஒரு முறை, ஓடியபடி ஒரு முறை. இரண்டிலும் தட்டுகள் சுத்தமாக அசைந்தன. நிலம் காய்ந்து இறுகிக் கிடந்ததால் தூக்க அதிக தூரம் வேண்டியிருக்கவில்லை. எஞ்சினுக்குப் பாதி வேகம் கொடுத்தபோதே எழுந்துவிட்டது. இடப்பக்கம் ஒரு சின்னச் சாய்வு. றிமோட்டில் ட்ரிம் பொத்தானை இரண்டு முறை தட்டி நேராக்கினேன், அவ்வளவுதான். உயரத்தில் வேகத்தைக் குறைத்து எங்கே விழுகிறது என்று பார்த்தேன். இறக்கை விழவில்லை, மூக்குத்தான் மெதுவாகத் தாழ்ந்தது. இறக்கும்போது நிலத்தில் ஒரு சின்னத் துள்ளல்.

மருமகன் எடுத்த வீடியோவில் வானம் மட்டும்தான் இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

இன்று செம்மை பார்க்கிற வேலை. 45 பாகையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டுக் கையை எடுத்தேன். கொஞ்ச தூரம் நேராகப் போய் நிலத்தை நோக்கிச் சரிந்தது. மூக்கு இன்னும் பாரம். பற்றரிகள் இன்னும் இரண்டு விரல் பின்னே. செங்குத்தாக ஏற்றினால் கோடு பிடித்தாற்போல் போகிறது. எஞ்சினின் வலச் சாய்வில் கை வைக்கத் தேவையில்லை. பக்கவாட்டுப் பறப்பில் மட்டும் வயிற்றுப் பக்கம் இழுக்கிறது. சுக்கானோடு மேல்நோக்கிக் கிடைத்தட்டை 4 வீதம் கலந்தேன், பாதி நின்றது. 7இல் நேராகிவிட்டது. மறுபக்கச் சுக்கானுக்கு 5 போதும்.

பிளக்கைக் கழற்றி அண்ணையிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் பிடித்து, நுனியின் கபில நிறத்தைப் பார்த்து, "வெயில் இன்னும் ஏறினா ஊசியை ஒருக்காப் பாக்கோணும்" என்றார். காசு வாங்கவில்லை. வார ஞாயிறு தானும் வெளிக்கு வருவாராம். கரணம் எப்போது அடிக்கும் என்று மட்டும் கேட்டார்.