உரத்தூள் ஏறிய கைப்பேசியைக் கழற்றிச் சரிசெய்த கதை

செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கும் எண்ணெய்ப் பனை, தோட்டத்தில் உரம் போடுகிறவர்களின் கைப்பேசி, நான் பார்த்தவரை, விழுந்து உடைவதைவிட சார்ஜ் ஏறாமல் சாவதுதான் அதிகம். காரணம் பொட்டாஷ். செம்பனை மற்ற எந்தச் சத்தையும்விடப் பொட்டாசியத்தை அதிகமாக இழுக்கும் மரம். அதனால் தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாக இறங்குவது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஒரு உப்புதான். நம் ஊர் ஈரக்காற்றில் கசியும், வியர்வையோடு சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு காலை முழுக்க மரத்துக்கு மரம் நடக்கிறவரின் இடுப்புப் பையில் போன் இருந்தால் அந்தத் தூள் எங்கே போய் உட்காரும்? சார்ஜ் வாயர் செருகும் ஓட்டையில்தான்.

நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில். தோட்டத்து வீட்டை விட்டு வந்து வருஷமாகிவிட்டது, ஆனால் அம்மா இன்னும் தோட்ட வேலைக்குப் போகிறார். அவருடைய போன் முதலில் வாயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் மட்டும் சார்ஜ் ஏறியது. அப்புறம் அடியில் தீப்பெட்டியை முட்டுக் கொடுத்து வைக்க ஆரம்பித்தார். கடைசியில் எதற்கும் அசையாமல் அணைந்துபோனது. டவுனில் ஒரு கடையில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போச்சுண்ணே, 180 வெள்ளி (ரிங்கிட்) ஆகும், இல்லாட்டி புதுசு வாங்கிடுங்க" என்றார் அங்கிருந்த தம்பி.

புதுசு வாங்குவது பெரிய விஷயமில்லை. ஆனால் அம்மாவின் சம்பளம் வந்து விழும் வங்கிச் செயலி அந்தப் போனோடு கட்டப்பட்டிருந்தது. 2022 செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த மோசடித் தடுப்பு ஏற்பாடுகளுக்குப் பிறகு, எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணை நம்பாமல் செயலிக்குள்ளேயே உறுதிசெய்யும் முறைக்கு வங்கிகள் மாறத் தொடங்கின. அந்த உறுதிப்படுத்தலுக்கு ஒருவருக்கு ஒரு கைப்பேசிதான். வேறு போனில் முதல்முறை பதிந்தால் காத்திருப்பு நேரம் வேறு. இவற்றையெல்லாம்விட அம்மாவுக்கு முக்கியமாகப் பட்டது பேரப்பிள்ளைகளின் படங்கள். அவற்றுக்கு வேறு எங்கும் நகல் இல்லை. ஆக, போன் ஒரு முறையாவது உயிரோடு எழ வேண்டும். அதுவரை பேசுவதற்கு ஒரு பழைய பொத்தான் போனை எடுத்துக் கொடுத்தேன். 3ஜி 2021 கடைசியோடு மூடப்பட்டாலும் 2ஜி ஓடிக்கொண்டிருந்ததால் அழைப்புக்கு அது போதும்.

நான் இந்தத் தொழில் படித்தவன் இல்லை. ஈப்போவில் போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் மச்சான் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் முதலில் கேட்டது, "யூஎஸ்பி டெஸ்டர் போட்டுப் பாத்தியா?" வாயருக்கும் சார்ஜருக்கும் நடுவில் செருகும் சின்ன மீட்டர் அது, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். எத்தனை வோல்ட் வருகிறது, எத்தனை ஆம்பியர் போனுக்குள் போகிறது என்று காட்டும். வேறு போனில் நன்றாக ஓடும் வாயரையும் சார்ஜரையும் மாட்டிப் பார்த்தேன். வோல்ட் 5-க்கு மேல் காட்டியது. ஆம்பியர் சுத்தமாகப் பூஜ்யம். "கரண்ட் வாசல்லயே நிக்குது மச்சான். உள்ள போகவே இல்லை. போகாத கரண்ட வச்சுப் பெரிய போர்டு போச்சுன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பல போன்களில் போர்டு என்பது ஒன்றல்ல. மேலே கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது முதன்மைப் போர்டு. பிராசசர், நினைவகம், உங்கள் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அடியில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில், விரல் அகலத்தில் இன்னொன்று இருக்கும். சார்ஜ் ஓட்டையும் மைக்கும் அதில்தான். கடைக்காரர்கள் அதைச் சார்ஜிங் போர்டு என்பார்கள். மலிவு ரகப் போன்களில் அது தனியாகக் கிடைக்கும், விலையும் 20 வெள்ளிக்குள் அடங்கிவிடும். "போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால் எந்தப் போர்டு என்று கேளுங்கள்.

சாமான்களுக்குப் பெரிய செலவில்லை. சின்னத் திருப்புளிகள் கொண்ட பெட்டி ஒன்று, கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லைகள், டோல் கட்டப் பயன்படும் டச் அண்ட் கோ அட்டையில் பழையது ஒன்று, மென்மையான பல் தூரிகை, மல்ட்டிமீட்டர். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மட்டும் பார்த்து வாங்க வேண்டும். ஃபார்மசியில் எளிதாகக் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சமெல்லாம் தண்ணீர். 99 சதவீதம் என்று போட்டிருப்பதை மின்னணுச் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். சமையலறையில் அடுப்பு எரியும்போது அந்தப் பாட்டிலைத் திறக்கக்கூடாது என்பதை அம்மாவுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

திறக்கும் முன் பேட்டரியில் சார்ஜ் குறைவாக இருப்பது நல்லது. லித்தியம் பேட்டரியில் தவறிக் கருவி குத்திவிட்டால் நிறைந்த பேட்டரி பற்றுகிற வேகம் வேறு, காலியானது வேறு. 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் திறக்கச் சொல்வார்கள். எங்கள் போனுக்கு அந்தக் கவலையே இல்லை, அது எப்போதோ வற்றிவிட்டது.

முதல் வேலை சிம் தட்டை வெளியே எடுப்பது. அதை உள்ளே வைத்துக்கொண்டு மூடியை நெம்பினால் தட்டும் போகும், மூடியும் போகும். அம்மாவின் போனுக்கு முதுகு பிளாஸ்டிக், பசை இல்லை, ஓரமெல்லாம் கொக்கிகள் மட்டும். அடி மூலையில் நகம் நுழையும் இடைவெளி கிடைத்ததும் வில்லையைச் செருகி மெதுவாக ஓரத்தோடு நகர்த்தினேன். ஒவ்வொரு கொக்கியும் டிக் டிக்கென்று விடும்போது எதுவோ உடைவது மாதிரியே கேட்கும். அம்மா அடுப்படியிலிருந்து, "ஏய்யா, ஒடச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பின்மூடியில் கைரேகை உணரி உள்ள போனாக இருந்தால் மூடியைச் சட்டென்று தூக்கக்கூடாது. மெல்லிய வாயர் ஒன்று மூடியையும் போர்டையும் இணைத்திருக்கும், இழுத்தால் கிழியும். இந்தப் போனில் அது இல்லை.

உள்ளே கறுப்புச் சட்டம், அதைச் சுற்றி ஸ்குரூக்கள். ஒன்றின் தலையில், திறந்தால் உத்தரவாதம் போச்சு என்று காட்டுவதற்கான குட்டி ஒட்டுத்தாள். உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்ட போனுக்கு அது எதற்கு, கிழித்துவிட்டேன். ஸ்குரூ விஷயத்தில் மச்சான் ரொம்பக் கறார். ஒரு வெள்ளைத் தாளில் போனின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்திலிருந்து எடுத்தேனோ அதே இடத்தில் செல்லோடேப்பால் ஒட்டச் சொன்னார். எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் நீளம் வேறு வேறு. குட்டை ஸ்குரூ இருந்த ஓட்டையில் நீளமானதை முறுக்கினால் போர்டின் அடுக்குகளைத் துளைத்துவிடும். கடைக்கு வரும் சில போன்களைக் கெடுத்ததே திருகியவர்கள்தான் என்று அவர் சிரித்தார்.

சட்டத்தைத் தூக்கியதும் எதையும் தொடாமல் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். வரிசையில் இது மாறவே கூடாது. பேட்டரி இணைந்திருக்கும்போது உலோகக் கருவி எங்காவது இரண்டு புள்ளிகளைச் சேர்த்துத் தொட்டால், அதுவரை நன்றாக இருந்த முதன்மைப் போர்டும் போகும். பிளாஸ்டிக் நெம்பியால் நேர் மேலாகத் தூக்கினால் சட்டை பட்டனைப் போல விட்டுவிடும். அதன் முனையில் மல்ட்டிமீட்டரை வைத்தபோது 3.1 வோல்ட். வழக்கமாக 3.8-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. ரொம்ப இறங்கியிருந்தது, ஆனால் சாகவில்லை. உப்பவும் இல்லை. உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

அப்புறம் அடிப்பக்கம். ஒலிபெருக்கிப் பெட்டியின் ஸ்குரூக்களை எடுத்துத் தூக்கினால் சார்ஜிங் போர்டு தெரிகிறது. மேலே போகும் பட்டை வாயர் ஒன்று, முடி மாதிரி மெல்லிசாக ஆன்டெனா வாயர் ஒன்று. இரண்டையும் விடுவித்துப் போர்டை வெளியே எடுத்து, டார்ச் அடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தோம். ஓட்டையின் வாயில் வெள்ளையாக உறைந்த உப்பு. உள்ளே பாசி நிறத்தில் செம்புக் களிம்பு.

மைக்ரோ யூஎஸ்பி ஓட்டையில் ஐந்து ஊசிகள். அவற்றில் நான்கு அழுக்காக இருந்தாலும் முழுசாக இருந்தன. ஓரத்தில் உள்ள ஒன்று மட்டும் பாதி காணவில்லை. அதுதான் 5 வோல்ட் உள்ளே வரும் ஊசி. மச்சான் வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு விளக்கினார். உப்பும் ஈரமும் சும்மா இருந்தால் அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். அந்த ஈரத்தோடு சார்ஜ் போட்டால் ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே கரண்ட் ஓடி, பாஸிட்டிவ் பக்கத்து உலோகம் கரைந்துபோகும். அதாவது போனைக் கெடுத்தது தோட்டத்தில் ஏறிய தூள் மட்டுமில்லை. வீட்டுக்கு வந்ததும், வியர்வை காயும் முன், வாயரைச் செருகி இரவெல்லாம் விட்டதுதான் முடித்துவைத்தது. அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கலாமே என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். அரிசி உப்பை இழுக்காது. அதன் மாவுத்தூள் ஓட்டைக்குள் போவதுதான் மிச்சம். ஆப்பிள் நிறுவனமே 2024-ல் ஈரமான போனை அரிசியில் போடாதீர்கள் என்று எழுதி வைத்தது.

கரைந்த ஊசியைச் சுத்தம் செய்து மீட்க முடியாது. ஓட்டையை மட்டும் பற்றவைத்து மாற்றலாம், ஆனால் அதற்குச் சூட்டுக்காற்றுக் கருவியும் கைப்பழக்கமும் வேண்டும். முழு சார்ஜிங் போர்டாகவே இணையத்தில் வாங்கினேன். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதப் போர்டுகள் வந்திருக்கும். ஆகவே பழைய போர்டில் அச்சிட்டிருந்த எண்ணைப் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்பி, அதே எண்தானா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் பணம் கட்டினேன். பொட்டலம் வரும்வரை போன் சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரத்தில், வரைபடத் தாளோடு, கேக் டப்பா மூடிக்கு அடியில் கிடந்தது. பல்லிக்குப் பயந்துதான் அந்த மூடி.

இடைப்பட்ட நேரத்தில் ஆல்கஹால் தொட்ட தூரிகையால் பட்டை வாயரின் முனைகளையும் ஒலிபெருக்கியின் வலையையும் தேய்த்தேன். அடியில் ஒட்டியிருந்த ஈரம் காட்டும் வெள்ளைப் பொட்டு சிவந்துபோயிருந்தது. மேலே முதன்மைப் போர்டின் பக்கம் இருந்த பொட்டு வெள்ளையாகவே இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஈரம் அதுவரை ஏறவில்லை.

புதுப் போர்டைப் பொருத்தும்போது சின்ன விஷயங்கள்தான் வேலை வாங்கின. மைக்கைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் போடாவிட்டால் எதிரில் பேசுகிறவருக்கு நம் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். ஆன்டெனா வாயரின் குண்டூசித் தலை சரியாக உட்கார்ந்தால் விரலுக்கு ஒரு சொடக்கு தெரியும். உட்காராவிட்டால் போன் ஓடும், சிக்னல்தான் எடுக்காது. தோட்டத்துப் பக்கம் ஏற்கெனவே ஒரு கோடு இரண்டு கோடு சிக்னலில் காலம் தள்ளுகிறவர்களுக்கு அது தாங்காது. எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் பேட்டரி இணைப்பு.

மூடியைப் போடாமல் சார்ஜரை மாட்டினேன். திரையில் ஒன்றும் இல்லை. ஆனால் டெஸ்டரில் ஆம்பியர் பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் எழுந்திருந்தது, அதுதான் முக்கியம். ரொம்ப இறங்கிய பேட்டரிக்குப் போன் முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் கரண்ட் கொடுக்கும். வோல்ட் ஓரளவு ஏறிய பிறகே முழு வேகத்தில் இழுக்கும். இது தெரியாதவர்கள் இந்த இடத்தில் மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பிப்பார்கள். தே தாரிக் ஒன்று போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். ஆம்பியர் 1-ஐத் தாண்டியிருந்தது, திரையில் பேட்டரிப் படம். பொத்தான் போனுக்கு ஒரு அழைப்பு போட்டு மைக், ஒலிபெருக்கி, சிக்னல் எல்லாம் பார்த்தேன். அதன் பிறகுதான் ஸ்குரூக்கள் தாளிலிருந்து தங்கள் இடத்துக்குப் போயின, மூடி கொக்கிகளில் அமர்ந்தது. படங்களையெல்லாம் அன்றே மெமரி கார்டுக்கும் என் கணினிக்கும் நகல் எடுத்துவிட்டேன்.

பழைய சார்ஜிங் போர்டைக் குப்பையில் போடவில்லை. 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவு, எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில், மலேசியாவில் அட்டவணையிட்ட கழிவு. மச்சானின் கடையில் இவற்றைச் சேர்த்துவைத்துக் கொடுக்கிறார்கள், அங்கே கொடுத்துவிட்டேன்.

அம்மா இப்போது ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுத்தான் போனை எடுத்துப்போகிறார். வந்ததும் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே வைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே சார்ஜ் போடுகிறார். கூட வேலை செய்கிற அக்காமார்களின் போன்களும் எங்கள் மேசைக்கு வர ஆரம்பித்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் கழற்றவே தேவையில்லை. போனை அணைத்துவிட்டு, மர டூத்பிக்கால் ஓட்டையில் அடைந்த பஞ்சை எடுத்து, ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் வாயர் நன்றாக உட்கார்ந்துவிடுகிறது. பேட்டரி உப்பியவற்றையும், சூடு காட்டிப் பசையை இளக்க வேண்டிய கண்ணாடி முதுகுப் போன்களையும் நான் தொடுவதில்லை. ஐபோன் என்றால் அதற்கு ஐந்து இதழ் ஸ்குரூ, பாகத்தை மாற்றினால் போர்டோடு பேசவைக்கும் வேலை என்று இன்னும் பல சங்கதிகள் உண்டு. அவற்றை ஈப்போ போகிறவர்கள் கையில் மச்சானுக்குக் கொடுத்தனுப்பிவிடுகிறேன்.