வெளிநாட்டில் வேலை பார்த்த கனடாக்காரி

2011 பெப்ரவரியில் நான் ரொறன்ரோவில் வந்து இறங்கினேன். பனியைப் பற்றி எனக்கு முந்தி வந்தவர்கள் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள், அதை விடுகிறேன். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட். இவருக்கு இரண்டு வேலை. எனக்கு ஒரு ஃபக்டரியில் இரவு ஷிஃப்ட், பெட்டி அடுக்கும் வேலை. பகலில் தூங்கி எழும்பினால் தலைக்கு மேலே இருந்த சின்ன யன்னலில் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் தெரியும். ஒன்றரை வருடமாக எனக்குக் கனடா என்றால் அந்தச் சப்பாத்துகள்தான்.

2012 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. ஒன்ராறியோவில் ஆகஸ்டின் முதல் திங்கள் லீவு. மேல் வீட்டு அக்கா படியில் நின்று கூப்பிட்டார்: "கீழ தனிய இருந்து என்ன செய்யப்போறீர்? மேல வாரும், ரிவி பாப்பம்." போனேன். அவருடைய பன்னிரண்டு வயது மகள் சிவப்புச் சட்டையோடு ரிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். லண்டன் ஒலிம்பிக், பெண்கள் உதைபந்தாட்ட அரையிறுதி. கனடாவும் அமெரிக்காவும்.

உதைபந்தாட்டம் என்று நான் சொன்னதைக் கேட்டு அவள் சிரித்தாள். "சொக்கர், அன்ரி. ஃபுட்போல் எண்டால் இங்க வேற." சரி, சொக்கர். ஊரில், யாழ்ப்பாணத்தில், குருநகர், நாவாந்துறைப் பெடியன்கள் ஆடியதைப் போகிற வழியில் பார்த்ததோடு சரி. பள்ளிக்கூடத்தில் நான் ஆடியது வலைப்பந்து. பெண்கள் இப்படி இடித்துத் தள்ளி விழுந்து எழும்பி ஆடுவதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

கனடாவின் 12ஆம் எண் சட்டைக்காரி, கிறிஸ்டின் சிங்க்ளேர், 22ஆம் நிமிடத்தில் ஒரு கோல் போட்டார். அமெரிக்கா சமன் செய்தது. 67இல் தலையால் முட்டி இன்னொன்று; மூன்றே நிமிடத்தில் அதற்கும் பதில். 73இல் மூன்றாவது. பெரிய கொண்டாட்டம் எதுவும் காட்டாத மனுசி. மூன்று கோல் போட்டுவிட்டு, இன்னும் வேலை மிச்சமிருக்கிறது என்பது போலத் திரும்பி நடந்தார். எனக்கு அது பிடித்துப்போனது.

அப்புறம்தான் அந்த அநியாயம். கோல் காப்பவர் பந்தைக் கையில் ஆறு விநாடிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று ஒரு விதி. புத்தகத்தில் இருந்ததே தவிர, அதற்காக விசில் ஊதும் நடுவர் அபூர்வம். அன்று கனடாவின் கோல் காப்பவருக்கு ஊதி, அமெரிக்காவுக்குத் தண்ட உதை கொடுத்தார். அந்தத் தண்ட உதை ஒரு கனடாக்காரியின் கையில் பட, பெனால்டி, 3-3. அமெரிக்காவின் அபி வம்பாக், நடுவரின் காதில் விழும்படி விநாடிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார். கூடுதல் நேரமும் முடிந்து, இடைநிறுத்தங்களுக்காகக் கூட்டிய மூன்றாவது நிமிடத்தில் அமெரிக்கா நாலாவது கோலைப் போட்டது. (2025இல் விதியையே மாற்றிவிட்டார்கள்: எட்டு விநாடி, மீறினால் எதிரணிக்குக் கோர்னர். பதின்மூன்று வருடம் பிந்தி.)

பிள்ளை குப்புற விழுந்து அழுதாள். நான் பக்கத்தில் இருந்து, "எங்கட பெட்டையள் என்ன பிழை செய்தவை?" என்று கேட்டேனாம். அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். எங்கட! கையில் நிரந்தரவாசி அட்டை, வாயில் அரைகுறை ஆங்கிலம், ஆங்கில வகுப்பில் இரண்டாம் நிலை என்று போட்டிருந்தார்கள். எப்படியோ, எங்கட என்ற சொல் எனக்குத் தெரியாமலே வந்துவிட்டது. மூன்று நாள் கழித்து பிரான்ஸை வென்று வெண்கலம் கிடைத்தபோது நான் ஷிஃப்டுக்காகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சிங்க்ளேரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். ஆங்கிலம் படிக்க அது நல்ல வழியாகவும் இருந்தது. 1983இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பேர்னபியில் பிறந்தவர். 2000இல், பதினாறு வயதில் நாட்டுக்காக ஆட இறங்கினார். பல்கலைக்கழகம் அமெரிக்காவின் போர்ட்லாந்தில். வேலையும் அமெரிக்காவில், ஏனென்றால் அப்போது கனடாவில் பெண்களுக்குத் தொழில்முறை லீக் என்று ஒன்றே இருக்கவில்லை. அங்கேயும் நிம்மதி இல்லை. 2010இல் கோல்ட் பிரைட் கழகத்துக்காகக் கிண்ணம் வென்றார், கழகத்தை மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் வெஸ்டர்ன் நியூயோர்க் ஃபிளாஷுக்காக வென்றார், லீக்கையே மூடிவிட்டார்கள். அந்த அரையிறுதி நடந்த ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானத்தில் மூன்று கோல் போட்ட அந்தக் கோடையில் அவருடைய லீக் உலகத்திலேயே இல்லை.

இவரிடம் வாசித்துக் காட்டினேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப அவவும் லேஓஃபில இருந்துகொண்டுதான் அடிச்சவ" என்றார்.

எனக்கு அதுதான் பெரிய அதிசயம். எல்லோரும் வேலை தேடி வரும் நாடு இது என்று நம்பித்தான் நான் வந்தேன். இங்கேயே பிறந்து, இந்த நாட்டிலேயே மிகத் திறமாகக் கோல் போடும் ஒருத்தி எல்லை தாண்டிப் போய் உழைத்தால்தான் உண்டு. 2013இல் அமெரிக்காவில் புது லீக் தொடங்கியபோது கதை இன்னும் வேடிக்கை: தேசிய அணிக்காரிகளின் சம்பளத்தைக் கனடாவின் உதைபந்தாட்டச் சங்கமே கட்டி, அவர்களை அங்கே ஆட அனுப்பியது. சிங்க்ளேர் போர்ட்லாந்து தோர்ன்ஸில் சேர்ந்தார், 2024 வரை அங்கேதான்.

அந்த 2013இல் மகள் பிறந்தாள். பேஸ்மென்டை விட்டு மேலே வந்தோம், வேலையும் பகலுக்கு மாறியது. 2020 ஜனவரியில் சிங்க்ளேர் டெக்சாஸில் 185ஆவது கோலைப் போட்டு வம்பாக்கின் உலக சாதனையை முறியடித்தார். ஆணோ பெண்ணோ, நாட்டுக்காக அதுவரை யாரும் அவ்வளவு போட்டதில்லை. ஆம், காதில் விழும்படி எண்ணிய அதே வம்பாக். எனக்கு அதில் கொஞ்சம் கெட்ட சந்தோஷம்.

2021, டோக்கியோ. மறுபடியும் அரையிறுதி, மறுபடியும் அமெரிக்கா, மறுபடியும் அதே ஆகஸ்ட் முதல் திங்கள். ரொறன்ரோவில் விடிய நாலு மணி. எட்டு வயது மகளைப் போர்வையோடு தூக்கி வந்து சோபாவில் போட்டேன். ஜெசி ஃபிளெமிங்கின் பெனால்டியில் 1-0. இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 6, வெள்ளி, காலை எட்டு மணிக்கு. அன்று சுகமில்லை என்று பொய் சொல்லி வேலைக்கு லீவு போட்டேன், இனி ஒளிக்க என்ன இருக்கிறது. சுவீடனை பெனால்டிகளில் வென்று தங்கம். சிங்க்ளேருக்கு 38 வயது.

தங்கம் வென்றவர்களுக்கும் சம்பளப் பிரச்சினை தீரவில்லை. 2023 பெப்ரவரியில் வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள்; சட்ட நடவடிக்கை வரும் என்று சங்கம் சொன்னதும், "போதும்" என்று எழுதிய ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள். அடுத்த மாதம் சிங்க்ளேர் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து கணக்குக் கேட்டார். ஃபக்டரியில் மேலதிக நேரத்துக்கான காசைக் கேட்கப் பயந்து நான் எட்டு மாதம் பேசாமல் இருந்தது அப்போது ஞாபகம் வந்தது. அந்த டிசம்பரில் வன்கூவரில் கடைசி ஆட்டம். அன்றைக்கு மட்டும் மைதானத்துக்கே அவருடைய பெயர். 48,000 பேருக்கு மேல். 331 ஆட்டம், 190 கோல்.

2025 ஏப்ரலில் கனடாவுக்குச் சொந்த லீக் வந்தது, ஆறு அணிகளோடு. அதைத் தொடங்கப் பாடுபட்டவர் டயானா மதிசன். 2012இல் நான் தூங்கித் தவறவிட்ட அந்த வெண்கலக் கோலைப் போட்டவர். கோடையில் யோர்க் பல்கலைக்கழக மைதானத்துக்குப் போனோம், ரொறன்ரோ அணியைப் பார்க்க. மேல் வீட்டுப் பிள்ளையும் வந்தாள். அவளுக்கு அப்போது 25. பதினோராம் வகுப்போடு விளையாட்டை விட்டுவிட்டாள். அதற்கு மேல் போக இங்கே வழி இல்லை, படிப்பைப் பார் என்று எல்லோரும்தான் சொன்னோம், நானும் சொன்னேன்.

இரண்டாம் பாதியில் கோல் காப்பவர் பந்தை அணைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மேல் வீட்டுப் பிள்ளையின் முணுமுணுப்புக் கேட்டது.

"என்ன அக்கா எண்ணுறீங்கள்?" என்று மகள் கேட்டாள்.

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஐந்து. ஆறு. ஏழு.