கொள்ளு மூட்டை முளைவிட்ட வாரம்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது எங்கள் கொட்டகையில் இரண்டு தகரம்தான் பறந்தது. தப்பித்தோம் என்று ஞாயிறு மதியம் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் மேற்கிலிருந்து வந்தது. தென்பெண்ணை ஆற்றின் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேறுகிறது என்ற செய்தி திங்கள் விடிவதற்குள் போனில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. தென்பெண்ணை கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கடலூர் குண்டு உப்பலவாடிப் பக்கம் எங்கள் தோட்டம். மூன்று ஏக்கர், நான்கு பசு, நான்கு குதிரை.

குதிரை வைத்திருப்பவர்கள் எங்களுக்குப் போனில் ஒரு குரூப் உண்டு. வருஷம் முழுக்க அங்கே நடப்பது சுழிச் சண்டைதான், அதாவது குதிரை உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி பார்ப்பது. நெற்றியில் இரட்டைச் சுழி இருந்தால் ஆகுமா ஆகாதா, கழுத்துச் சுழி யாரைக் கெடுக்கும், இப்படி. அன்று விடிகாலை நான் ஒரு குரல் செய்தி போட்டதும் விழுப்புரத்துக்காரர் ஒருவர் உடனே கூப்பிட்டார். “கட்டி வைக்காத தம்பி. மொகக்கயித்தையும் கழட்டிடு, முள்வேலில மாட்டுச்சுன்னா அங்கயே நின்னு மூழ்கிடும். நம்பர் மட்டும் எழுதி உட்டுடு.”

எதில் எழுதுவது? மகளின் சிவப்பு நெயில் பாலிஷ்தான் கைக்குக் கிடைத்தது. குளம்பைத் துண்டால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னங்கால் ஒன்றில் என் போன் நம்பர். பத்து எண்ணும் ஒரு குளம்பில் அடங்கவில்லை, பக்கவாட்டில் சுற்றி எழுதினேன். நான்காவது குதிரை சுல்தான் காலை உதறியதில் கடைசி எண் ஏழா ஒன்றா என்று தெரியாமல் போனது.

முற்றத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது கேட்டைத் திறந்துவிட்டு, பசுக்களை ஓட்டிக்கொண்டு மேட்டுச் சாலைக்குப் போனோம். எங்கள் தெருப் பெரியவர்கள் 72-ம் வருஷ வெள்ளத்தோடு ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று குதிரைகள் தாமாகவே அதே சாலையில் வந்து நின்றன. சுல்தானை மறுநாள் மதியம் யாரோ ஒரு செங்கல் சூளை மேட்டில் பார்த்துக் கூப்பிட்டார்கள். அவர் முதலில் கடைசி எண்ணை ஒன்று என்று போட்டு வேறு யாரிடமோ திட்டு வாங்கியிருக்கிறார்.

வெள்ளத்தைப் பற்றி இவ்வளவு போதும். உண்மையான கஷ்டம் தண்ணீர் வடிந்த பிறகுதான்.

புதன்கிழமை தோட்டத்துக்குள் போனால் எங்கும் ஒன்றரை அடி மணல். வைக்கோல் போர் பாதி போய்விட்டது, மீதி பாதி உள்ளே சூடாகி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மூன்று மூட்டைக் கொள்ளும் நனைந்து, சாக்கின் கண் வழியாக வெள்ளையாக முளை எட்டிப்பார்த்தது. முளைகட்டிய பயறு நல்லதுதானே, கழுவிக் காயவைத்துப் போடலாம் என்று தார்ப்பாய் விரித்தேன். அப்போதுதான் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சவாரி விடும் பையன்கள் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களை எனக்குப் பிடிக்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் குதிரையை வாட்டுகிறார்கள் என்று குரூப்பிலேயே கடுமையாக எழுதியிருக்கிறேன். அதில் ஒருவன் கொள்ளை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துக் கீழே கொட்டினான்.

“அண்ணா, மாடுன்னாகூட சமாளிக்கும். குதிரைக்கு வாந்தி வராது. உள்ள போச்சுன்னா போனதுதான்.”

மூன்று மூட்டையையும் குழி வெட்டிப் புதைத்தோம். சாயங்காலம் விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒருவர் மினி லாரியில் காய்ந்த கடலைக்கொடி அனுப்பினார். ஒரு குதிரைக்கு நாளைக்கு ஆறேழு கிலோ காய்ந்த தீவனமும், இருபத்தைந்து முப்பது லிட்டர் நல்ல தண்ணீரும் வேண்டும். ஊரெல்லாம் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது, சந்தோஷம். கடலைக்கொடி கேட்டால் புரிந்துகொள்ள குதிரை வைத்திருப்பவன்தான் வேண்டும்.

லாடம் அடிக்கும் பாய் வியாழக்கிழமை வந்தார். குளம்பைத் தூக்கி, நடுவே முக்கோணமாக மெத்தென்று இருக்குமே, அதன் ஓரத்துப் பள்ளத்தில் கொக்கியை விட்டு இழுத்தார். கறுப்பாக, மை மாதிரி வந்தது. நாற்றத்தில் மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. இரண்டு நாள் சேற்றில் நின்றதற்கே இப்படி. லாடங்களை எல்லாம் கழற்றி, அழுகலைச் சீவி, மருந்து வைத்துவிட்டு, “காஞ்ச எடத்துல நிறுத்துங்க, அதான் மருந்து” என்றார். காய்ந்த இடத்துக்கு எங்கே போவது? ஆறு கொண்டுவந்து போட்ட மணலையே வெயிலில் பரப்பி, காய்ந்ததும் லாயத்துக்குள் கொட்டினோம். அதில் ஒரு ஜாக்கிரதை உண்டு. மணல் தரையில் தீவனம் போடக்கூடாது, பொறுக்கித் தின்னும்போது மணலும் வயிற்றுக்குள் போய்ச் சேரும். பழைய பிளாஸ்டிக் டிரம்களைப் பாதியாக அறுத்துத் தொட்டி ஆக்கினோம். கால்நடை டாக்டர் எல்லாவற்றுக்கும் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டார். வேலிக் கம்பி கிழித்த காயங்களைக் கழுவிவிட்டார்.

இவ்வளவு செய்தும் வெள்ளி இரவு குதிரைகளில் ஒன்றான காவேரி படுத்துவிட்டது. எழுந்தது, முன்காலால் தரையைப் பறித்தது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தது. நாங்கள் வருவதற்கு முன் ஈரப் போரில் வாய் வைத்திருக்கும். காதை விலாவில் வைத்துக் கேட்டேன். எப்போதும் கடமுடா என்று ஓடும் வயிறு, மூடிய வீடு மாதிரி இருந்தது. டாக்டர் வந்து வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். புரளவிடாதீர்கள், குடல் முறுக்கிக்கொண்டால் கையில் இல்லை என்று சொல்லிப் போனார்.

கொள்ளை முகர்ந்தானே, அவன்தான் கயிற்றைப் பிடித்து நடத்தினான். சாலையில் நூறடி போவதும் திரும்புவதும். பத்து நிமிஷம் நடை, கொஞ்சம் நிற்பது, மறுபடி நடை. நான் மாற்றிவிடுகிறேன் என்றேன், கொடுக்கவில்லை. நடந்துகொண்டே, மூன்று வாரமாகச் சவாரியே இல்லை, தவணை பாக்கி நிற்கிறது என்றெல்லாம் பேசினான். நான் எழுதியதை அவன் படித்திருந்தானா என்று கேட்க வாய் வரவில்லை. நாலு மணி வாக்கில் காவேரி நின்று வாலைத் தூக்கியது. நாலைந்து உருண்டை, எண்ணெய் பளபளக்க. அவன் அதைக் காலால் உடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, “மணல் இல்லண்ணா” என்று சிரித்தான்.

குடும்ப அட்டைக்கு அரசு அறிவித்த 2,000 ரூபாய் வந்தது. குரூப்பில் சேர்ந்த பணத்தில் வேலியும் இரண்டு மூட்டைக் கொள்ளும் வாங்கினோம். பையனிடம் கொஞ்சம் நீட்டினேன், பெட்ரோலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டான்.

பொங்கலுக்குள் குரூப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. சுல்தானின் கழுத்துச் சுழியால்தான் வெள்ளம் வந்தது என்று ஒரு கட்சி, அந்தச் சுழியால்தான் அது பிழைத்தது என்று இன்னொரு கட்சி. இரண்டு நாளாக ஓடுகிறது. நான் இரண்டாவது கட்சி.