ஊத்துப் பாறையில் மண்டியிட்ட கதை

திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலை மலைக்கு மேலே இருக்கும் குதிரைவெட்டிக்குப் போனதே கீழே தெரியும் அணைகளைப் பார்க்கத்தான். மச்சான் ஆறு மாதமாக அதைச் சொல்லியே என்னை நச்சரித்துக்கொண்டிருந்தான். போய் நின்றால் ஒரே மூடுபனி. நீட்டிய கை தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை.

மார்கழிக் கடைசி. மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கல்லிடைக்குறிச்சியில் நாங்கள் ஏறிய பஸ், மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி வளைவுகளில் முக்கி முனகி, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று ஆளையும் அரிசி மூட்டையையும் இறக்கிக்கொண்டே போனது. ஐப்பசி, கார்த்திகையில் மழை அளவு வாசிக்கும்போது முதலிடத்துக்குப் போட்டி போடுமே, அதே நாலுமுக்கும் ஊத்தும்தான். அந்த மழை விட்டும் பாறைகள் விடவில்லை, கசிந்துகொண்டே இருந்தன.

திரும்பும் வழியில் ஊத்துப் பக்கம் ரோட்டோரம் ஒரு சரிவுப் பாறை. குறுக்கே ஏறலாம் என்று மச்சான் யோசனை சொன்னான். கொழுந்து மூட்டையோடு எதிரே வந்த அக்கா, "பாத்து வாங்க, பாசி வழுக்கும், விழுந்துருவிய" என்றார். அவர் சொல்லி முடிக்கவும் நான் முழங்கால் மடங்கி விழவும் சரியாக இருந்தது.

விழுந்த இடத்தில்தான் பார்த்தேன். தூரத்தில் பாசிமேல் சுண்ணாம்பு தெளித்த மாதிரி இருந்தது, கிட்டத்தில் அத்தனையும் பூ! ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானில் பாதிகூட இல்லை. வெள்ளையில் லேசாக ஊதா ஓடி, நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு. கீழ் இதழ் விசிறி மாதிரி விரிந்திருந்தது. தண்டு நூலைவிட மெலிது. அடியில் எள்ளளவு வட்ட இலைகள் பாசியோடு ஒட்டிக் கிடந்தன. கோரைப்பாய் விரித்த மாதிரி பாறை முழுக்க அதுதான்.

"இதுக்குப் பேரு என்னக்கா?"

"பேரா? பாசில பூக்குத பூ. வெயில் ஏறுனா போயிரும்."

பாளையங்கோட்டையில் தாவரவியல் நடத்தும் நண்பருக்கு அன்று ராத்திரியே படம் அனுப்பினேன். யூட்ரிகுலேரியா வகை, அநேகமாக ஸ்ட்ரியாட்டுலா என்றார். அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கம் போனது. அது பூச்சி தின்னும் கூட்டத்தைச் சேர்ந்த செடியாம். உண்மையான வேரே கிடையாது. பாறையில் கசியும் நீரில் சத்து ஏது? அதனால் பாசிக்குள் ஓடும் இழைகளில் கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்னப் பைகளை வைத்திருக்கிறது. பைக்குள் இருக்கும் நீரை வெளியே தள்ளிவிட்டு, ஒட்டிய வயிறோடு காத்திருக்கும். நீரில் நீந்தும் நுண்ணுயிர் ஏதாவது வாசலில் இருக்கும் மயிரை இடித்தால் கதவு திறந்து, நீரோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாதாம். இவ்வளவு வேகத்தை அந்தப் பாறையில் யார் எதிர்பார்ப்பார்கள்!

இதன் சொந்தக்காரச் செடி ஒன்று மகாராஷ்டிரத்தில் காஸ் பீடபூமியை நீலமாக மூடுகிறது. அங்கே அதைச் சீதையின் கண்ணீர் என்கிறார்கள். நம் சித்த வைத்தியர்களும், இலையில் பிசின் துளி ஏந்தி நின்று பூச்சி பிடிக்கும் இன்னொரு செடிக்கு அழுகண்ணி என்று பேர் வைத்திருக்கிறார்கள். பூச்சி தின்னும் செடியைக் கண்டாலே மனிதனுக்கு ஏன் அழுகை ஞாபகம் வருகிறதோ.

"ஒரு பிடி பாசியோட எடுத்துட்டு வந்திருக்கலாம்லா, மைக்ரோஸ்கோப்புல பையைப் பாத்திருக்கலாம்" என்று நண்பர் ஆதங்கப்பட்டார். 1988-லேயே புலிகள் காப்பகமான காடு, ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாது என்பதைச் சொல்லித்தர வேண்டியவரே இப்படிக் கேட்டால் எப்படி? நானாகக் கொண்டுவந்தது, சாக்ஸுக்குள் இருந்த இரண்டு அட்டைகளை மட்டும். அவற்றை ஆச்சியின் மூக்குப்பொடி பார்த்துக்கொண்டது.

மச்சான் இன்னும் அணை தெரியாத கதையையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.