விண்டோஸ் 11-லிருந்து 10-க்குத் திரும்ப முடியவில்லையா?

செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்துக்குப் போனால் ‘கோ பேக்’ பட்டன் மங்கிக் கிடக்கிறதா? முதலில் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிஸ்டம் அதற்குள்தான் இருக்கிறது, அப்கிரேடு செய்து 10 நாள் தாண்டினால் விண்டோஸே அதை அழித்துவிடும், இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் நாமே அழித்திருந்தாலும் அவ்வளவுதான். கமாண்ட் பிராம்ப்டில் டைப் செய்யும் டிஸ்ம் (DISM) என்ற கட்டளையால் இந்தக் கெடுவை 60 நாள் வரை நீட்டலாம், ஆனால் அந்த 10 நாளுக்குள் செய்தால்தான் உண்டு. இவ்வளவு முக்கியமான விஷயம் செட்டிங்ஸிலேயே இருந்திருக்க வேண்டும்.

சரி, பட்டன் வேலை செய்தும் புதிய கணக்குகளை நீக்கச் சொல்கிறதா? அப்கிரேடுக்குப் பிறகு சேர்த்த யூசர் கணக்குகளை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். ஃபோல்டரே இல்லையென்றால், ஃபைல்களை பேக்கப் எடுத்துக்கொண்டு பென் டிரைவிலிருந்து புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.