சாட்சியிடம் கேட்டு முகம் வரைவது: ராமநாதபுரம் கரையோர அனுபவம்

போலீஸ் நிலையத்திலிருந்து படம் வரையக் கூப்பிட்டால் போனிலேயே இரண்டு விஷயம் கேட்டுவிட வேண்டும். சாட்சி இப்போது யாரோடு இருக்கிறார்? அவருடைய படகு எப்போது கிளம்புகிறது? ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுக்காரர் என்றால், மீன்துறை டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனவர் மறுநாள் காலைதான் கரை திரும்புவார். அதற்குள் கூட இருக்கும் ஐந்தாறு பேரும் ஆளுக்கொரு அடையாளம் சேர்த்து, யாருமே பார்க்காத ஒரு முகத்தை உண்டாக்கிவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ஆள் கரையிலேயே கிடைப்பார். ஆனால் டீக்கடைப் பேச்சும் அப்போதுதான் அதிகம். யாத்திரைக்கு வந்து அக்னி தீர்த்தத்தில் பையைப் பறிகொடுத்தவர் சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்பார். ஒரு முகத்தை ஒழுங்காகக் கேட்டு முடிக்க ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் கிடைக்குமா என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட பையன்கள், 60 தாண்டிய ஆண்கள், கடும் நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை விசாரணைக்கென்று அவர்கள் இருக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் வரச் சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் கேட்பதென்றால் அவர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். சட்டத்துக்காக மட்டும் இல்லை, நிலைய பெஞ்சில் உட்கார்ந்தால் யாருக்கும் முகம் ஞாபகம் வராது. கீழக்கரையில் ஒரு பெண் சாட்சியிடம் பேசும்போது வீட்டுப் பெண் ஒருவர் கூட இருப்பது வழக்கம், இருக்கட்டும். அவர் சாட்சியின் கண்ணில் படாமல் பின்னால் உட்கார வேண்டும், பதில் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிட வேண்டும்.

முதல் தகவல் அறிக்கையையோ மற்ற சாட்சிகள் சொன்னதையோ முன்னால் படிக்க வேண்டாம். படித்துவிட்டால் கேள்வியில் அது தானாக வந்து விழும். தெரிந்துகொள்ள வேண்டியது இடமும் நேரமும்தான். முடிந்தால் அதே நேரத்தில் அந்த இடத்துக்கு ஒருமுறை போய் நிற்க வேண்டும். வாகனார், வான் டெர் ஸ்க்ரியர் என்ற இரண்டு டச்சு ஆய்வாளர்கள் 1996இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: பார்த்த தூரம் 15 மீட்டருக்குள்ளும், முகத்தில் விழுந்த வெளிச்சம் 15 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறையாமலும் இருந்தால்தான் அடையாளத்தை ஓரளவு நம்பலாம். போனில் உள்ள லக்ஸ் மீட்டர் செயலி துல்லியம் இல்லை என்றாலும் 2 லக்ஸா 20 லக்ஸா என்று காட்டிவிடும். முழு நிலா வெளிச்சம் அரை லக்ஸைக்கூடத் தொடாது. "நல்ல நிலா வெளிச்சம், தெளிவா பாத்தேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று ஆகாது. உடம்புவாகையும் நடையையும் பார்த்திருப்பார், கண்ணையும் மூக்கையும் மனம் பிறகு நிரப்பியிருக்கும். அந்த நிலையில் முகம் வரையாமல் ஆளின் முழு உருவத்தை மட்டும் வரைந்து கொடுப்பதுதான் நேர்மை. அதிகாரிக்குப் பிடிக்காது.

கரையோர வெளிச்சத்தில் வேறு சில சிக்கலும் உண்டு. சோடியம் விளக்கின் மஞ்சளில் பார்த்த நிறத்தை, அது சட்டையோ தோலோ, கணக்கில் எடுக்கவே கூடாது. படகின் மேல்விளக்கு நேர் மேலிருந்து விழுவதால் புருவ நிழல் கண்ணில் இறங்கும். சாட்சி "கண்ணு குழி விழுந்திருந்துச்சு" என்பார், ஆளுக்கு அப்படி இருக்காது. கீழிருந்து டார்ச் அடித்தால் இதற்கு நேர் எதிர். தலையில் லைட்டு கட்டியவனின் முகத்தை எதிரில் நின்றவர் பார்த்திருக்கவே முடியாது. பார்த்த கோணமும் அப்படித்தான். படகுத்துறை மேடையில் நின்றுகொண்டு கீழே வல்லத்தில், அதாவது சிறு படகில், இருந்தவனைப் பார்த்தால் நெற்றி பெரிதாகவும் தாடை சிறிதாகவும் தெரியும். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று மேலே பார்த்தவருக்குத் தாடையும் மூக்குத் துவாரமும்தான் பெரிதாகத் தெரிந்திருக்கும். சாட்சி சொல்வதை நாம் திருத்தக் கூடாது. ஆனால் கோணத்தைக் குறித்துவைக்க வேண்டும், முடிந்தால் அதே கோணத்தில் இன்னொரு சிறு படமும் போட வேண்டும்.

சாமான் அதிகம் வேண்டாம். வழவழப்பான, 160 முதல் 200 ஜி.எஸ்.எம். கனமுள்ள தாள், எச்பி, 2பி, 4பி பென்சில்கள், பிசையும் ரப்பர், நிழலைத் தேய்த்துவிடக் காகிதத் திரி, இரண்டு பக்கமும் கிளிப் போட்ட அட்டை. கரித்துண்டைத் தொட வேண்டாம். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் சாதாரணத் தாளே உப்பிப்போய் பென்சில் கீறும், கரி அப்பிக்கொள்ளும். தாளை சிலிக்கா பொட்டலத்தோடு ஜிப் கவரில் வைத்து, வரையும்போது ஒவ்வொன்றாக எடுத்தால் போதும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரக் கூடாது. சாட்சிக்கு எதிரில் உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்தால் தாள் தெரியும். மேசையின் மூலையில் ஒருவருக்கொருவர் குறுக்காக, அட்டையை நம் பக்கம் சாய்த்து உட்காருவதுதான் சரிப்படும்.

இனிக் கேட்பது. படம் கெடுவதும் தேறுவதும் இங்கேதான்.

சாட்சி நம்மை "சார்" என்று கூப்பிடும்வரை எதற்கும் "ஆமா" என்றுதான் சொல்வார். "நான் போலீஸ் இல்லண்ணே, படம் வரையிற ஆளு. எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் பாத்தீங்க" என்று தொடங்க வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் என்றால் "காக்கா" (அண்ணன்), "லாத்தா" (அக்கா) என்று கூப்பிட்டாலே பாதி இறுக்கம் போய்விடும். பிறகு, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, அதுவும் எனக்கு உதவிதான்" என்று சொல்லிவிட்டு, அவர் பார்த்திருக்க முடியாத ஒன்றை முதலில் கேட்கலாம். தலையில் துண்டு கட்டியிருந்த ஆளாக இருந்தால், "காது எப்படி இருந்துச்சு?" "தெரியல" என்று வந்தால் நல்லது. மடல் மடலாக வர்ணித்தால், அடுத்து வரும் எல்லாவற்றையும் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

1980களில் ஃபிஷர், கைசல்மன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் உண்டாக்கிய நேர்காணல் முறைதான் இதற்கு அடிப்படை. முகத்துக்கு முன்னால் இடத்தை மனதில் திரும்பக் கொண்டுவருவது அதில் முதல் படி. இங்கே அதற்குக் காற்றை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. "அண்ணே, கண்ண மூடிக்கங்க. அன்னைக்கு நின்ன எடத்துலயே நில்லுங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குது? காலுக்குக் கீழ என்ன?" கடல் தொழில் பார்ப்பவர் கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றைச் சொல்லி, தண்ணி எப்படி இருந்தது, வலை எத்தனையாவது இழுப்பு என்று சொல்லிக்கொண்டே வரும்போது முகம் தானாகப் பின்னால் வரும். மணியைக் கேட்கக் கூடாது. "பஜ்ரு பாங்குக்கு முன்னாடியா பின்னாடியா?", "ஸ்படிக லிங்க தரிசனத்துக்குக் கூட்டம் போனதுக்கு அப்புறமா?" என்று விடியற்காலைப் பாங்கையோ கோயில் தரிசனத்தையோ வைத்துக் கேட்டால் நேரமும் கிடைக்கும்.

முதல் பத்துப் பதினைந்து நிமிடம் அவர் பேசட்டும். குறுக்கே ஒரு கேள்வியும் வேண்டாம், பென்சிலையும் எடுக்க வேண்டாம். அவர் நிறுத்தினால் நாமும் ஐந்தாறு நொடி சும்மா இருந்தால் மறுபடி தொடர்வார். அந்த மௌனத்தைப் பொறுக்காமல் "மீசை இருந்துச்சா?" என்று கேட்டால் மீசை முளைத்துவிடும். "மூக்குக்கும் வாய்க்கும் நடுவுல என்ன பாத்தீங்க?" என்று கேட்க வேண்டும். "நடிகர் மாதிரி" என்று யார் பெயரையாவது சொன்னால் மறுக்க வேண்டாம், அந்த நடிகரின் படத்தைத் தேடிப் பார்க்கவும் வேண்டாம். "அவர்ட்ட எந்த எடம்?" என்று கேட்டு, சிரிப்பா, நெற்றியா என்று பிரித்துக்கொள்ளலாம்.

தாளில் முதலில் மெல்லிய அளவுக்கோடு. உச்சந்தலையிலிருந்து தாடை வரை 16 செ.மீ. எடுத்தால் பாதியில், 8 செ.மீ.யில், கண் கோடு வரும். முகத்தின் அகலம் ஐந்து கண் அகலம். அதாவது ஏறக்குறைய 11 செ.மீ., ஒரு கண் 2.2 செ.மீ. இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு கண் அளவு இடம். காது புருவ மட்டத்தில் தொடங்கி மூக்கடி மட்டத்தில் முடியும். இது சராசரி முகம், யாருடையதும் இல்லை. சாட்சி சொல்வது இதிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு விலகுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். "மூக்கு பெருசு" என்றால் நீளத்திலா அகலத்திலா? கண்ணின் உள்மூலையிலிருந்து கீழே கோடு இழுத்தால் மூக்குமடல் அதற்கு உள்ளேயா வெளியேயா? இதைச் சாட்சியிடம் அளவாகக் கேட்க முடியாது. "உங்க மூக்கை விடவா, என் மூக்கை விடவா?" என்று கேட்டு நாம் அளந்துகொள்ள வேண்டும். நிறத்துக்கும் அப்படியே. மாநிறம் என்பதற்குள் ஊரே அடங்கும். முழங்கையின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் காட்டிக் கேட்டால் ஓரளவு பிடிபடும்.

அந்நியர் முகத்தில் முடி, முகவெட்டு போன்ற வெளிப்பகுதியைத்தான் மனம் முதலில் பிடிக்கிறது. ராமேஸ்வரத்தில் இதுவே தொல்லை. வேண்டுதல் என்று ஒருவன் மறுநாள் மொட்டை போட்டுக்கொண்டால் சாட்சியின் பலமான ஞாபகம் அத்தனையும் முடியோடு போய்விடும். அதனால் கண், மூக்கு, வாய்ப் பகுதிக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். மொட்டை போட்ட மாதிரி ஒன்று வேண்டும் என்று அதிகாரி கேட்டால் டிரேசிங் தாளில் தனியாகப் போட்டு, "சாட்சி சொன்னதல்ல" என்று அதிலேயே எழுதிக் கொடுக்கலாம். மூலப் படத்தில் கை வைக்கக் கூடாது. துண்டு மறைத்த முன்முடியையும் முகக்கவசம் மறைத்த வாயையும் ஊகித்து வரையவும் கூடாது.

மூக்கு வகை, கண் வகை என்று மாதிரிப் படங்கள் வைத்திருப்போம். அவற்றைச் சாட்சி தன் சொல்லில் எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஒரு உறுப்புக்கு ஆறு ஏழு படத்துக்கு மேல் போனால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். முகத்தை மனம் முழுசாகத்தான் பிடிக்கிறது, உதிரியாக இல்லை என்பதை டனாகாவும் ஃபராவும் 1993இல் சோதித்துக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கான மூக்குகளை வரிசையாக ஓடவிடும் கணினி மென்பொருள்களில் சாட்சி திணறுவதற்குக் காரணமும் இதுதான். உள்ளூர் குற்றவாளிகளின் ஆல்பத்தை மாதிரிப் படமாக ஒருபோதும் காட்டக் கூடாது.

நாற்பது நிமிடம் போல ஆனதும் தாளைத் திருப்பிக் காட்டலாம். கையில் கொடுக்காமல், இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்திக் காட்ட வேண்டும். "சரியா இருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு "இருக்கு" என்பார்கள். "எது ஒட்டல?" என்று கேட்க வேண்டும். அவர் வெறுமனே "என்னமோ இடிக்குது" என்றால் பெரும்பாலும் உறுப்பில் குறை இருக்காது, இடைவெளியில் இருக்கும். 16 செ.மீ. தலையில் கண்கள் 2 மி.மீ. தள்ளினாலே வேறு ஆளாகிவிடும். ஒரு அட்டையால் வாயை மறைத்து மேல்பாதி மட்டும், பிறகு கீழ்பாதி மட்டும், கடைசியில் முழுசாகக் காட்டினால் இடிக்கிற இடம் அகப்படும். பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஒரு பார்வை. கடைசியில் "பத்துக்கு எத்தனை?" ஐந்துக்குக் கீழே சொன்னால் அந்தப் படத்தை நோட்டீஸ் ஒட்ட வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுப்பேன். பாதி ஒத்த முகம் ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும், அந்தப் பத்துப் பேரும் பிழைப்புக்குப் போக வேண்டியவர்கள்.

ஓவியக் கல்லூரியில் படித்தவர்களிடம் ஒரு வியாதி உண்டு. முகத்தை இரண்டு பக்கமும் ஒத்ததாக, அழகாக்கிவிடுவார்கள். நிழல் தீட்டத் தீட்டப் படத்துக்கு இல்லாத உறுதி வந்துவிடும், பார்க்கிறவர் போட்டோ என்றே எடுத்துக்கொள்வார். சாட்சிக்குத் தெரியாத இடம் வெறும் கோடாகவே நிற்கட்டும்.

அறைக்குள் "நம்ம இவன் மாதிரி இருக்கே" என்று ஒரு அதிகாரி சொல்லிவிட்டால் அந்த நாள் வேலை போச்சு. தொடங்கும் முன்பே அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட வேண்டும். கடை சி.சி.டி.வி. படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தால் சாட்சி அதைப் பார்த்தாரா என்று கேட்டு, பார்த்திருந்தால் தாளின் பின்னால் எழுத வேண்டும். சாட்சிகள் இருவர் என்றால் படமும் இரண்டு. தனித்தனியாக எடுத்த படங்களைக் கணினியில் கலந்தால் சராசரி முகம் நன்றாக ஒத்துவருகிறது என்று 2002இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று சொன்னது உண்மைதான். ஆனால் அது வரைந்து முடித்த பிறகு செய்வது, இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடுவதற்கு அனுமதி ஆகாது.

முடிந்ததும் தாளின் பின்னால் குற்ற எண், தேதி, தொடங்கிய, முடிந்த நேரம், உடன் இருந்தவர்கள், சாட்சி கொடுத்த மதிப்பெண், நம் கையெழுத்து. சாட்சியின் பெயர் முன்பக்கத்தில் வரக் கூடாது. அவர் கையெழுத்தையும் வாங்க வேண்டாம். விசாரணையில் போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்திடக் கூடாது என்று அதே சன்ஹிதாவின் 181ஆம் பிரிவு சொல்வதால், பின்னால் தேவையில்லாத வாதத்துக்கு இடம் ஆகும். சாட்சி போனில் படம் எடுத்துக்கொள்ளவும் விடக் கூடாது. ஆள் பிடிபட்டு, மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும்போது, அவர் பார்த்த முகத்தைத் தேடுகிறாரா, போனில் இருக்கும் படத்தைத் தேடுகிறாரா என்ற கேள்வி வரும்.

அழித்துப் போட்ட தாளானாலும் கிழிக்க வேண்டாம். வழக்கு வருஷக் கணக்கில் இழுத்து, வரைந்தவருக்கே சம்மன் வரலாம். எதிர்தரப்பு வக்கீல் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த மீசை சாட்சி சொன்னதா, நீங்கள் போட்டதா? அதற்காக நோட்டில் இடது பக்கம் கேட்ட கேள்வி, வலது பக்கம் சாட்சி சொன்ன சொல், அவர் சொன்ன பேச்சிலேயே; எந்த நிமிடத்தில் மாதிரிப் படம் காட்டினோம் என்பதற்கு நடுவில் ஒரு கோடு.